கையால் செய்யும் வாழ்த்து மடல்: வெட்டுத்தாளும் மையும்

காணி ஓரிடத்திலும் குடும்பம் வேறோரிடத்திலும் இருக்கும் காலத்தில் உழவரின் கைகளுக்கு வேலை குறைந்துவிடுகிறது. கூலி வேலை கிடைக்கும் நாளும் உண்டு. கிடைக்காத நாளும் உண்டு. இந்த இடைவெளியில், சிறு முதலுடன், இருக்கும் இடத்திலேயே தொடங்கக்கூடிய கைப்பணிகளில் வாழ்த்து மடல் செய்தலும் ஒன்று. ஒரு மேசை அல்லது பலகை, நல்ல வெளிச்சம், மூன்று நான்கு நிற மை, ஒரு கூரிய பிளேட் என்பன இருந்தால் தொடங்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இடம்பெயர்ந்தோர் செய்தது என்று இரக்கப்பட்டு வாங்கும் மடல் ஒருமுறைதான் விற்கும். நன்றாக இருக்கிறது என்று வாங்கும் மடல் ஒவ்வோர் ஆண்டும் விற்கும். ஆகவே இப்பாடத்தில் இரண்டு விடயங்களைக் கற்போம். ஒன்று, அழுக்கில்லாமல் நிறம் கலந்த பின்னணியும் தெளிவான உருவமும் கொண்ட மடலைச் செய்வது எப்படி? மற்றது, அதில் போட்ட உழைப்புக்கு உரிய விலையைக் கணக்கிடுவது எப்படி?

1. வெட்டுத்தாள் என்றால் என்ன?

அரிசி மூட்டையில் எழுத்துகளும் இலக்கங்களும் மையால் பதிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தின் வடிவத்தில் துளை வெட்டிய தகட்டை மூட்டையின்மேல் வைத்து, துளை வழியே மையைப் பூசுகிறார்கள். தகட்டை எடுத்ததும் எழுத்து மட்டும் பதிந்திருக்கும். ஸ்ரென்சில் என்று சொல்வது இதையே. இப்பாடத்தில் அதை வெட்டுத்தாள் என்போம்.

வெட்டுத்தாள் ஈரத்தைத் தாங்க வேண்டும். யப்பானில் துணிக்கு நிறமூட்டுவோர் மல்பெரி இன மரப்பட்டையின் நாரால் செய்த கடதாசியைப் பல படையாக ஒட்டி, பேர்சிமன் என்னும் பழத்தின் சாற்றால் பதப்படுத்தி வெட்டுத்தாள் செய்தார்கள். அந்தச் சாறு கடதாசியை நீர் ஊறாததாக ஆக்கியது. நமக்குப் பழைய எக்ஸ்றே படம் அந்த வேலையைச் செய்யும். அது மெல்லியது, கிழியாது, கழுவித் திரும்பவும் பாவிக்கலாம். ஆனால் சிகிச்சை முடியாதவரின் படத்தை வெட்ட வேண்டாம்; வைத்தியர் மறுபடி கேட்கக்கூடும். எக்ஸ்றே படம் இல்லாவிடின் தடித்த பிளாஸ்ரிக் கோப்பு உறையை வெட்டலாம். அதுவும் இல்லாவிடின், பழைய நாட்காட்டி மட்டையின் இரு பக்கமும் மெழுகுதிரியை அழுத்தித் தேய்த்துக்கொள்ளலாம். இது சில பத்து மடல்களுக்குத் தாங்கும்.

2. வேண்டிய பொருட்கள்

பிறிஸ்டல் போட்: வெள்ளை அல்லது இளம் மஞ்சள் நிறம். பளபளப்பான அட்டை வேண்டாம். அதில் மை ஊறாமல் வழுக்கும்.

மை: இறப்பர் முத்திரைக்குப் பாவிக்கும் ஸ்ராம்ப் மை சிவப்பு, நீலம், கறுப்பு நிறங்களில் கடைகளில் கிடைக்கும். மஞ்சளுக்குப் போஸ்ரர் கலரைச் சிறிது தண்ணீரில் கரைத்துப் பாவிக்கலாம். சமையல் மஞ்சள் மலிவானது என்று அதைப் பூச வேண்டாம். வெயில் பட்டால் அதன் நிறம் விரைவில் போய்விடும். சவர்க்காரம் பட்டால் சிவந்துவிடும்.

பஞ்சு: பழைய மெத்தையின் ஸ்பொஞ். 2 அங்குலச் சதுரமாக வெட்டி, ஒரு சிறு போத்தல் மூடியின்மேல் போர்த்தி, ஓரங்களைப் பின்னால் இழுத்து நூலால் கட்டுங்கள். முன்பக்கம் உருண்டையாக, மூலையில்லாமல் இருக்க வேண்டும். மூலை இருந்தால் மடலில் கோடு விழும். நிறத்துக்கு ஒன்றாகச் செய்துகொள்ளுங்கள்.

வேறு பொருட்கள்: அடிமட்டம், பென்சில், பிளேட் கத்தி, எழுதி முடிந்த குமிழ்முனைப் பேனா, செலோரேப், பழைய பத்திரிகைத் தாள், அடியில் வைத்து வெட்ட ஒரு கண்ணாடித் துண்டு. கண்ணாடியின் நான்கு ஓரத்துக்கும் செலோரேப் ஒட்டிவிடுங்கள். வெட்டும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

3. தாளைச் சிக்கனமாக வெட்டுதல்

தாளை வாங்கியதும் வெட்டத் தொடங்காதீர்கள். முதலில் அளந்து கணக்குப் பாருங்கள். மடித்தபின் 5 அங்குல அகலமும் 7 அங்குல உயரமும் கொண்ட மடலுக்கு, விரித்த நிலையில் 10 x 7 அங்குலத் துண்டு வேண்டும். உங்கள் தாள் 28 x 22 அங்குலமாயின், 28 அங்குலப் பக்கத்தை 7 அங்குலமாக நான்காகவும், 22 அங்குலப் பக்கத்தை 10 அங்குலமாக இரண்டாகவும் பிரித்தால் 8 மடல்கள் வரும். மாற்றிப் பிரித்தால் 6 மடல்களே வரும். ஒரே தாள், ஒரே காசு. இரண்டு மடல் நட்டம். முதல் முறையில் மிஞ்சும் 2 அங்குலக் கீலத்தையும் வீசாதீர்கள். அதில் நான்கு புத்தக அடையாள அட்டைகள் செய்யலாம்.

மூங்கிலுக்கு இருப்பதுபோலக் கடதாசிக்கும் நார் ஓடும் திசை உண்டு. தாளை மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, அந்த வளைவின் வழியே நார் ஓடுகிறது. அந்தத் திசையில் மடிப்பு அழகாக விழும். குறுக்கே மடித்தால் மடிப்பு வெடிக்கும். கணக்கின்படி குறுக்கே மடிக்கத்தான் வேண்டுமெனில், மை முடிந்த பேனாவை அடிமட்டத்தோடு வைத்து அழுத்தி ஒரு கோடு இழுத்த பிறகு மடியுங்கள்.

4. உருவத்தை வெட்டுதல்

என்ன உருவம் வெட்டலாம்? கடையில் வாங்கும் மடலில் உள்ள ரோசாப்பூவைப் பார்த்து வெட்ட வேண்டாம். அதை அச்சகம் நம்மைவிட நன்றாகவும் மலிவாகவும் செய்யும். உங்களுக்குத் தெரிந்ததை வெட்டுங்கள். குளக்கட்டு, துலாக் கிணறு, மாட்டு வண்டில், வைக்கோற் போர், பனங்கூடல், வரம்பில் நிற்கும் கொக்கு ஆகியவை தூரத்தில் நின்று பார்த்தாலும் அடையாளம் தெரியும் உருவங்கள். துலாவை நேரிலே காணாத பிள்ளைகள் இன்று பலர். அப்புவோ ஆச்சியோ பக்கத்தில் இருந்து, கால் எங்கே, கொடி எங்கே, மிதிப்பவர் எங்கே நிற்பார் என்று சொல்லச் சொல்லப் பிள்ளை கீறட்டும். மடலுக்கும் நல்ல உருவம் கிடைக்கும். ஊரும் பிள்ளையின் கைக்குள் வரும்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை:

(அ) துளைக்குள் தனியே நிற்கும் பகுதி விழுந்துவிடும். வண்டிற் சில்லின் நடுப்பகுதி, 'க', 'ண' ஆகிய எழுத்துகளின் சுழிகள் என்பன இத்தகையவை. அவற்றை வெளித்தாளோடு இணைக்கும் சிறு பாலங்களை விட்டு வெட்டுங்கள். பாலம் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சீக்கிரம் அறுந்துவிடும்.

(ஆ) சிறிய துளைகளை முதலிலும் பெரியவற்றைக் கடைசியிலும் வெட்டுங்கள். பெரியதை முதலில் வெட்டினால் தாள் தளர்ந்து ஆடும்.

(இ) வளைவு வரும்போது பிளேட்டைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். மற்றக் கை எப்போதும் பிளேட் போகும் வழிக்குப் பின்னால் இருக்கட்டும்.

(ஈ) வெட்டி எடுத்த துண்டை எறியாதீர்கள். துளையுள்ள தாள் நிறமான உருவத்தைத் தரும். அந்தத் துண்டை மடலில் வைத்துச் சுற்றிவர மை பூசினால் வெள்ளை உருவம் கிடைக்கும். ஒரு வெட்டில் இரண்டு அச்சு.

5. பின்னணிக்கு நிறம் கலத்தல்

இவ்வேலையில் மடல் கெடுவதற்கு முக்கிய காரணம் மை கூடுவதே. கை பழகாததால் கெடுவது அதற்கு அடுத்ததுதான். நாற்று மேடைக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல எண்ணுங்கள், வாளியைக் கவிழ்ப்பதில்லை.

பழைய துணியை நான்காக மடித்து, ஒரு தட்டில் வைத்து, நாலைந்து துளி மை விட்டு ஊற விடுங்கள். பஞ்சை அந்தத் துணியில் ஒற்றி எடுங்கள். மைப்போத்தலில் நேரே தோய்க்க வேண்டாம். பிறகு பத்திரிகைத் தாளில் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். பஞ்சு முதலில் தொடும் இடத்தில் மை அதிகமாகப் பிடிக்கும். ஆகவே மடலின் நடுவில் தொடங்கக் கூடாது. மடலுக்கு வெளியே, அடியில் விரித்த பத்திரிகையில் தொடங்கி, சிறு சிறு வட்டமாகத் தேய்த்தபடி மடலுக்குள் வாருங்கள். மெல்லிய படையாகப் பூசுங்கள். போதாதென்றால் இன்னொரு படை பூசலாம். கூடிப்போனதைக் குறைக்க முடியாது.

இளம் நிறத்தை முதலிலும் கடும் நிறத்தைப் பின்னரும் பூச வேண்டும். இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று அரை அங்குலம் ஏறட்டும். அங்கேதான் நிறம் கலக்கிறது. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் செம்மஞ்சள். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா. சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும், நீலமும் செம்மஞ்சளும் சேர்ந்தாலோ சேற்று நிறந்தான் வரும். அவற்றை அருகருகே வைக்க வேண்டுமெனில் நடுவே சிறிது வெள்ளையை விடுங்கள்.

வெளிறும் மையைக் கண்டறிய ஒரு சோதனை உண்டு. எல்லா மையையும் ஒரு துண்டு அட்டையில் பூசி, பாதியைத் தடித்த மட்டையால் மூடி, ஒரு கிழமை வெயிலில் வையுங்கள். மூடியதற்கும் மூடாததற்கும் வித்தியாசம் அதிகம் தெரியும் மையை விற்பனைக்குச் செய்யும் மடலில் பூச வேண்டாம்.

6. ஒரு மாதிரி: பனைகளுக்குப் பின்னால் விடியல்

(1) மடலின் முன்பக்கத்தில் அரை அங்குல ஓரம் விட்டுச் சுற்றிவரச் செலோரேப் ஒட்டுங்கள். ஒட்டுமுன் அதைச் சேலைத் துணியில் ஒருமுறை ஒற்றி எடுத்தால் பசை குறையும். உரிக்கும்போது அட்டை கிழியாது.

(2) நாணயத்தை வைத்துக் கடதாசியில் ஒரு வட்டம் வெட்டி, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இலேசாக ஒட்டுங்கள். இது சூரியன்.

(3) வட்டத்தைச் சுற்றியும் அதற்குக் கீழே அடிவரையும் மஞ்சள் பூசுங்கள். வட்டத்துக்கு மேலே போகப் போக மஞ்சள் மெலியட்டும்.

(4) நடுப்பகுதியில் சிவப்பை மிக மெல்லியதாகப் பூசி, மஞ்சளின்மேல் சிறிது இறக்குங்கள். செம்மஞ்சள் தோன்றும்.

(5) உச்சியில் நீலம் பூசி, சிவப்பின்மேல் சிறிது இறக்குங்கள். ஊதா தோன்றும். நீலம் மஞ்சளைத் தொடக்கூடாது. தொட்டால் வானம் பச்சையாகும். சிவப்பை இடையில் வைத்ததன் காரணம் இதுவே.

(6) ஒரு பத்திரிகைத் துண்டைக் கையால் நீளமாகக் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மேடுபள்ளமாக இருக்கும். அதைச் சூரியனுக்குக் கீழே, அடிப்பக்கத்து மஞ்சளின்மேல் குறுக்காக வைத்து, ஓரத்தின் கீழே நீலத்தை இலேசாகத் தேயுங்கள். துண்டை அரை அங்குலம் கீழே இறக்கி மறுபடி தேயுங்கள். இங்கே மஞ்சளும் நீலமும் சேர்ந்து, வரம்பு வரம்பாகப் பச்சை வயல் வரும்.

(7) நன்றாக உலர்ந்த பின் பனை வெட்டுத்தாளை வைத்துக் கறுப்பு மையை ஒற்றுங்கள். பின்னணிக்கு வட்டமாகத் தேய்த்தோம். உருவத்துக்குத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மை தாளின் அடியில் புகுந்து ஓரம் மங்கும். பஞ்சை நேர் மேலும் கீழுமாக மட்டும் ஒற்றுங்கள்.

(8) வெட்டுத்தாளை நேரே மேலே தூக்குங்கள். கடதாசி வட்டத்தையும் செலோரேப்பையும் மெதுவாக உரித்தெடுங்கள். வெள்ளைச் சூரியனும் நேரான வெள்ளைச் சட்டமும் கிடைக்கும்.

7. உலர்த்தலும் பாதுகாத்தலும்

மடலை நிழலில், ஒன்றையொன்று தொடாமல் உலர்த்துங்கள். மாரிக் காலத்தில் ஸ்ராம்ப் மை உலர ஒரு நாளுக்கு மேல் எடுக்கலாம். உலர்ந்ததா என்று பார்க்க வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். துணியில் நிறம் பிடித்தால் இன்னும் வைக்க வேண்டும். உலர்ந்தவற்றை இரண்டு பலகைகளுக்கு இடையே பாரம் வைத்து ஓரிரவு அழுத்தினால் வளைவு போகும். பின்னர் உறையோடு பொலித்தீன் பையில் இடுங்கள். தகரக் கொட்டிலில் இருப்போர் பொதியை நிலத்தில் வைக்க வேண்டாம். கறையானும் ஈரமும் ஒரே இரவில் ஒரு மாத உழைப்பை முடித்துவிடும். கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள்.

8. விலையைக் கணக்கிடுதல்

வியாபாரத்துக்கென அச்சிட்ட முதல் கிறிஸ்மஸ் மடல் 1843 இல் இலண்டனில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவர் கேட்டுக்கொள்ள, ஜோன் ஹோஸ்லி என்ற ஓவியர் அதை வரைந்தார். கோடுகளை அச்சிட்டு, நிறங்களைக் கையால் தீட்டினார்கள். ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். அக்காலத் தொழிலாளிக்கு அது பெரிய தொகை. கைவேலை செய்த மடல் தொடக்கத்திலேயே மலிவுப் பொருளாக இருக்கவில்லை என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

இப்போது நமது கணக்கைப் பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் கணக்கு முறையைக் காட்டுவதற்காக மட்டுமே. உங்கள் இடத்து விலையையும் கூலியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் 8 மடல். அட்டை 120 ரூபா, மையும் பிறவும் 40 ரூபா, உறைகள் 120 ரூபா; பொருட்செலவு 280 ரூபா. எட்டு மணிநேர நாட்கூலி 2000 ரூபா என்று வைத்தால், இம்மடல்களுக்கு எடுத்த 4 மணிநேரத்தின் கூலி 1000 ரூபா. மொத்தம் 1280 ரூபா. எட்டில் ஒன்று கெட்டுப்போகும் என்று வைத்தால் விற்கக்கூடியவை 7. ஆகவே ஒரு மடலின் அடக்கவிலை ஏறத்தாழ 183 ரூபா.

கடைக்காரர் 100 ரூபா தருகிறேன் என்கிறார். 7 மடலுக்கு 700 ரூபா. கையில் காசு வருவதால் இலாபம் போலத் தெரியும். பொருட்செலவைக் கழித்தால் மிஞ்சுவது 420 ரூபா. நான்கு மணிநேரக் கூலி 1000 ரூபாவாக இருக்க, 580 ரூபா உழைப்பை இனாமாகக் கொடுத்துவிட்டோம். 'வீட்டில் சும்மா இருந்து செய்ததுதானே' என்ற எண்ணத்தாலேயே இந்த நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்கு வழி, ஒவ்வொரு மடலாகச் செய்து முடிக்காமல் படிபடியாகச் செய்வது. 24 துண்டுகளையும் ஒரே தரத்தில் வெட்டுங்கள். 24க்கும் மஞ்சள் பூசுங்கள். பிறகு 24க்கும் சிவப்பு. பஞ்சு மாற்றும் நேரமும் உலரக் காத்திருக்கும் நேரமும் மிச்சமாகும். மூவர் சேர்ந்தால் ஒருவர் வெட்ட, ஒருவர் பூச, ஒருவர் ஒற்றலாம். இவ்வாறு 24 மடலை எல்லோருடைய நேரத்தையும் கூட்டி 6 மணிநேரத்தில் முடித்தால், கூலி 1500, பொருள் 840, மொத்தம் 2340 ரூபா. மூன்று கெட்டாலும் 21 மடல் இருக்கும். அடக்கவிலை ஏறத்தாழ 111 ரூபாவாக இறங்கிவிடும். இப்போது கடைக்காரருடன் விலை பேசலாம். எந்த விலைக்குக் கீழே 'இல்லை' என்று சொல்ல வேண்டும் என்பதும் தெரியும்.

9. எப்போது, யாருக்கு?

பருவம் தப்பிய விதைப்புப் போன்றதே பண்டிகை தப்பிய மடலும். கிறிஸ்மஸ் மடல் நவம்பர் நடுப்பகுதியில் கடைக்குப் போய்விட வேண்டும். ஆகவே செப்ரெம்பர், ஒக்ரோபரில் செய்ய வேண்டும். தைப்பொங்கலுக்குரியதை அதோடு சேர்த்தே செய்யலாம். ஏப்ரலில் புத்தாண்டும், மே மாதத்தில் பெரும்பாலும் வெசாக்கும் வருகின்றன. நோன்புப் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வருவதால் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று பலர் வாழ்த்தைக் கைத்தொலைபேசியிலேயே அனுப்பிவிடுகிறார்கள். மடல் வாங்குவோர் குறைந்துவிட்டனர் என்பதை மறைக்கத் தேவையில்லை. இன்றும் வாங்குகிறவர் வித்தியாசமான ஒன்றைத் தேடியே வாங்குகிறார். ஆகவே கடைகளை மட்டும் நம்பாதீர்கள். பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், அலுவலகங்கள், திருமண வீட்டார் ஆகியோரிடம் நான்கு மாதிரிகளுடன் சென்று, முதலில் ஓடரை எடுத்துவிட்டு அதற்கேற்பச் செய்யுங்கள். முதன்முறை ஒரு தாள் மட்டும் வாங்குங்கள். இதற்காகக் கடன்பட வேண்டாம். நகையை அடைவு வைக்கவும் வேண்டாம்.

மடலின் பின்புறத்தில் சிறிதாக உங்கள் குழுவின் பெயரையும், படத்தில் உள்ளது எந்த ஊர்க் காட்சி என்பதையும் எழுதுங்கள். உங்கள் துன்பத்தை எழுத வேண்டாம். வாங்குகிறவர் உங்கள் வேலையைப் பார்க்கட்டும்.

இக்கைப்பணி காணிக்கு ஈடல்ல. காணி உறுதியையும் வரைபடத்தையும் பத்திரமாக வைத்திருப்பதும், காணி பற்றிய கூட்டங்களுக்குத் தவறாமல் போவதும் முதல் வேலை. அந்த நாளில் மை காயட்டும். வேலையை மறுநாள் பார்க்கலாம்.

கூடிப் பேசுவதற்கு

1. உங்கள் ஊரை ஒரே உருவத்தால் காட்டுவதானால் எதை வெட்டுவீர்கள்? உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தெரியுமா?

2. உங்கள் இடத்து நாட்கூலியைக் கொண்டு 24 மடலின் அடக்கவிலையைக் கணக்கிடுங்கள். வீட்டில் நீங்கள் கூலி எழுதாமல் செய்யும் வேறு வேலைகள் எவை?

3. குழுவில் வெட்டுபவர், பூசுபவர், விற்கப் போகிறவர் ஆகியோருக்குப் பணத்தை எப்படிப் பங்கிடுவீர்கள்? இதை வேலை தொடங்குமுன் பேசித் தீர்மானிப்பது ஏன் நல்லது?

4. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு வெட்டுத்தாளும், அதனால் செய்த இரண்டு மடல்களும் கொண்டு வாருங்கள். ஒன்று நல்லது, மற்றது கெட்டது. எங்கே மை கூடியது என்று எல்லோரும் சேர்ந்து பாருங்கள்.